பக்கத்துலன்னா எத்தனை கிலோமீட்டர்

ஜூலை 7

இந்த நோட்டை வாங்கிக் கொடுத்தது தமயந்தி மேடம். "பெத்தவங்களைப் பாத்தா உனக்கு என்னென்ன தோணுதோ, அதையெல்லாம் இதுல எழுது குகன். வாயில சொல்லாத" என்றார்.

காரணம், காலையில் ஒரு அப்பாவிடம், உங்கள் பையனுடைய கட்-ஆஃபுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காது, கனவு காண்பதென்றால் அதை வீட்டிலேயே காணலாம், கரூர் வரை வரத் தேவையில்லை என்று சொல்லிவிட்டேன். தகவல் சரி. அவர் எழுந்து போய்விட்டார்.

மேடம் கரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் 'வழித்துணை கல்வி ஆலோசனை மையம்' வைத்திருக்கிறார். பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் எந்தக் காலேஜை முதலில் போடுவது, எதை அடுத்துப் போடுவது என்று வரிசை சொல்வதுதான் தொழில். நான் இ.சி.இ. முடித்தவன். ஐதராபாத்தில் ஒரு கம்பெனி எனக்கு வேலை கொடுத்துவிட்டு, சேரும் தேதி பின்னர் அறிவிக்கப்படும் என்று சொல்லியிருக்கிறது. அறிவிக்கும் வரை இங்கே. தற்காலிகம்.

என் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அட்டையை மடித்து வைத்தால் ஆடாது. தற்காலிகத்துக்கு எதற்கு அட்டை.

ஜூலை 8

புரோகிராம் எழுதி முடித்தேன். கட்-ஆஃப், பாடப்பிரிவு, தூரம் மூன்றையும் கொடுத்தால் காலேஜ் வரிசை வந்துவிடும். மேடம் எட்டு வருடமாக மனக்கணக்காய்ச் செய்ததை இது டீ ஆறுவதற்குள் செய்கிறது. காட்டினேன். "நல்லாருக்கு. ஆனா வந்தவங்களை உக்கார வைக்கத் தெரியுமா அதுக்கு?" என்றார். பதிலளிக்கத் தகுந்த கேள்வி அல்ல.

மதியம் ஒருவர் மச்சினனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடியேறி வந்தார். போர்டில் 'கவுன்சிலிங்' என்று இருந்ததாம். மச்சினன் தினமும் குடிக்கிறானாம். நான் கட்-ஆஃப் எவ்வளவு என்று கேட்டேன். மச்சினன், "ஒரு குவாட்டருக்கு மேல போறதில்ல சார்" என்றான்.

ஜூலை 10

என் புரோகிராமுக்கு ஒரே எதிரி 'பக்கத்துல'.

வருகிற எல்லாரும் இதையே சொல்கிறார்கள். பாடம் எதுவானாலும் சரி, காலேஜ் பக்கத்தில் இருந்தால் போதும். எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டால் முழிக்கிறார்கள். ஒரு அம்மாவுக்குத் திண்டுக்கல் பக்கம், நாமக்கல் தூரம். நாமக்கல்தான் கிட்டே என்று மேப்பைக் காட்டினேன். "திண்டுக்கல்ல எங்க நாத்தனார் இருக்காங்க தம்பி" என்றார். நாத்தனார் இருந்தால் ஊர் நகர்ந்து வராது என்று விளக்கினேன். மேடம் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

இனி எல்லாருக்கும் முப்பது கிலோமீட்டர் என்றே போட்டுவிடப் போகிறேன்.

ஜூலை 12

ராக்கியண்ணன் என்று ஒருவர் மகளோடு வந்தார். கரூர்–ஈரோடு ஓடும் 'பொன்காளி' தனியார் பஸ்ஸின் டிரைவர். காக்கிச் சட்டை, காலருக்குள் கைக்குட்டை. புகளூரில் வீடு. மகள் சுபிக்ஷாவின் கட்-ஆஃப் 191. இந்த சீசனில் எங்கள் மாடியேறிய மார்க்குகளில் இதுதான் உயரம். கோயம்புத்தூரில் திருச்சி ரோட்டில் இருக்கும் காலேஜில் இ.சி.இ. தாராளமாகக் கிடைக்கும்.

"எதுவா இருந்தாலும் புள்ள இஷ்டந்தானுங்க" என்றார்.

முதல்முறையாக ஒரு தெளிவான அப்பா. கோவையை முதலில் போட்டேன்.

"அதை எடுத்துருங்க தம்பி."

"இப்பத்தானே அவங்க இஷ்டம்னீங்க?"

"இஷ்டந்தானுங்க. அதுக்காவ கோயமுத்தூரா? பக்கத்துல இருக்கட்டும். மகிழம்பாள் காலேஜைப் போடுங்க."

மகிழம்பாள் இன்ஜினியரிங் காலேஜ், கொடுமுடிக்கு இந்தப் பக்கம் ஈரோடு ரோட்டிலேயே இருக்கிறது. கட்டடத்தைவிட கேட் பெரிது. பாஸ் பண்ணியிருந்தால் போதும், அவர்களே போன் செய்து கூப்பிடுவார்கள். 191 வாங்கிக்கொண்டு அங்கே போவது, கார் வாங்கி அதில் கோழி அடைப்பதற்குச் சமம். இதை நான் வாயில் சொல்லவில்லை. நோட்டு வேலை செய்கிறது.

"பக்கத்துலன்னா எத்தனை கிலோமீட்டர்?" என்று மட்டும் கேட்டேன்.

"அதென்னங்க கிலோமீட்டரு. பக்கத்துலன்னா பக்கத்துலதான்."

மகளிடம் அவள் விருப்பத்தைக் கேட்டேன். "அப்பா சொல்றதுதான் சார்" என்று ஃபேனைப் பார்த்துச் சொன்னாள். ஃபேனுக்குத்தான் உண்மை தெரியும் போல.

ஜூலை 14

சுபிக்ஷா தனியாக வந்தாள். அப்பா ஈரோடு ட்ரிப்பில் இருக்கும் நேரமாம்.

"சார், அப்பாவுக்குத் தெரியாம கோயமுத்தூரை முதல்ல போட்டுருங்க."

"முடியாது. ஓ.டி.பி. அவர் போனுக்குத்தான் வரும். கோவை ஏன் வேணும்? லேப்பா, பிளேஸ்மென்ட்டா?"

"கண்ணாடி சார்."

புரியவில்லை. விளக்கினாள். ஆறாம் வகுப்பிலிருந்து அவள் பள்ளிக்கு வந்துபோனது அப்பாவின் பஸ்ஸில்தான். மூன்றாவது வரிசை, ஜன்னலோரம். டிரைவர் தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் ஏழு வருடமாக அப்பாவின் கண் தெரிகிறதாம். தோழியோடு சிரித்தால் கண்ணாடி பார்க்கும். தூங்கி விழுந்தால் ஹாரன் அடித்து எழுப்பும். ஒருமுறை பக்கத்து சீட்டில் வகுப்புப் பையன் ஒருவன் பேனா கேட்டானாம். வண்டி நின்றுவிட்டது. பிளஸ் டூ மார்க்கை அவள் தெரிந்துகொள்வதற்கு முன்பே, கண்டக்டர் விசிலடித்து மொத்த பஸ்ஸுக்கும் அறிவித்திருக்கிறார்.

"மகிழம்பாள் காலேஜ் வாசல்லதான் அந்த வண்டி நிக்கும் சார். இன்னும் நாலு வருசம். எனக்கு இ.சி.இ.யோ மெக்கானிக்கலோ, எதுன்னாலும் சரி. அந்தக் கண்ணாடி இல்லாத ரோடு வேணும்."

இதுவரை கேட்டதிலேயே அளவிடத்தக்க காரணம் இதுதான்.

ஜூலை 15

ராக்கியண்ணன் ட்ரிப் இடைவெளியில் வந்து, மகிழம்பாளைப் போட்டாயிற்றா என்றார். நேரம் மிச்சமாகட்டும் என்று நேராகவே சொன்னேன்.

"உங்க பொண்ணுக்கு உங்க பஸ்ஸுல வர்றதே பிடிக்கல. கண்ணாடியில பாக்கறீங்களாம். அதுக்காகத்தான் கோயமுத்தூர் கேக்குறாங்க."

அவர் காலரில் இருந்த கைக்குட்டையை எடுத்து மடித்தார். பிறகு திரும்பவும் மடித்தார். மடிப்பதற்கு அதில் ஒன்றும் மிச்சமில்லாதபோது எழுந்து படியிறங்கிப் போனார்.

"என்ன சொன்ன?" என்று மேடம் கேட்டார்.

"உண்மையை."

"நோட்டு எங்க?"

பையில் இருந்தது.

ஜூலை 16

விளைவுகள். ராக்கியண்ணன் மகளிடம், மகிழம்பாளைத் தவிர வேறு எதையும் போட மாட்டேன், அதையும் இன்டர்நெட் சென்டரில் நானே போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். சுபிக்ஷா எனக்கு அனுப்பிய மெசேஜ்: "ரொம்ப நன்றி சார்." இது நன்றி இல்லை என்பது எனக்கே புரிந்தது.

அடுத்து, புகளூரிலிருந்து வரவேண்டியவர்கள் யாரும் இன்று வரவில்லை. பொன்காளி பஸ்ஸில் கண்டக்டர் தங்கராசு டிக்கெட்டோடு சேர்த்து என் கதையையும் கிழித்துக் கொடுக்கிறாராம். எங்கள் மையத்துக்கு அந்த பஸ்தான் விளம்பரம் என்பது எனக்குத் தெரியாது.

"பத்தொன்பதாந்தேதி சாயந்தரம் லிஸ்டை லாக் பண்ணணும். அதுக்குள்ள அந்தாளு இந்தப் படி ஏறலேன்னா நீயும் ஏற வேண்டாம்" என்றார் மேடம்.

எனக்கு வேலை போனால் போகட்டும், தற்காலிகம்தான். ஆனால் 191ஐ வீணாக்குவது தொழில்நுட்ப ரீதியாகத் தவறு. அதனால் மட்டுமே நாளை அந்த பஸ்ஸில் ஏறுகிறேன்.

ஜூலை 17

பொன்காளியில் ஏறி மூன்றாவது வரிசை ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அங்கிருந்து கண்ணாடி எப்படித் தெரிகிறது என்று பார்க்க வேண்டும். கண்ணாடியில் ராக்கியண்ணன் என்னைப் பார்த்தார். நெற்றிச் சுருக்கம் முழுதும் தெரிந்தது.

"லேடீஸ் சீட்டுங்க, எந்திரிங்க" என்றார் தங்கராசு. யாரென்று தெரிந்ததும், "ஓ, நீங்களா. பரவால்ல, எந்திரிங்க" என்றார்.

முன்னால் போய் இன்ஜின் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து, "அண்ணே, ஒரு நிமிஷம்" என்றேன். அவர் தாடையால் மேலே காட்டினார். 'ஓட்டுநருடன் பேசாதீர்' என்று எழுதியிருந்தது.

சரி. கண்டக்டரிடம் பேசக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை.

"தங்கராசண்ணே, நான் சொன்ன விதம் தப்புன்னு அவர்கிட்ட சொல்லுங்க."

"ராக்கியண்ணா, சொன்ன விதம் தப்பாமா."

"விசயம் தப்பில்லையாமா, கேளு" என்றார் ராக்கியண்ணன் ரோட்டைப் பார்த்தபடி.

"விசயம் தப்பில்லை" என்றேன்.

"இதுக்குப் பஸ்ஸேறி வரோணுமாக்கும்" என்றார் கூடையோடு நின்ற ஒரு அம்மா. இன்னொரு அம்மா, "எங்க சின்னவனுக்கும் நூத்து நாப்பது வந்திருக்குது, எங்க கெடைக்கும் தம்பி?" என்றார். நின்றுகொண்டே மூன்று பேருக்குக் காலேஜ் சொன்னேன். யாரையும் திட்டவில்லை. கம்பியைப் பிடிக்கவே இரண்டு கையும் சரியாக இருந்தது.

ஒன்று கவனித்தேன். கண்ணாடியின் கோணம் தவறு. பின் படிக்கட்டு தெரிய வேண்டும். ஆனால் அது மூன்றாவது வரிசை ஜன்னலோரத்துக்குத் திருப்பியிருக்கிறது. ஸ்கூல் முடிந்து எவ்வளவோ நாளாயிற்று. அந்த சீட்டில் இன்று ஒரு தக்காளிக் கூடைதான் இருந்தது. வளைவுக்கு வளைவு அவர் தக்காளியைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கொடுமுடியில் டீ குடிக்க இறங்கினார். அங்கே போர்டு இல்லை.

"பக்கத்துலன்னா எத்தனை கிலோமீட்டர்னு அன்னைக்குக் கேட்டேன். நீங்க பதில் சொல்லல."

"நீங்க விடவே மாட்டீங்களா?"

"நம்பர் இல்லாம புரோகிராம் ஓடாதுண்ணே."

டீயை ஆற்றினார். வெகுநேரம் ஆற்றினார். "அவ வெளிச்சோறு தின்னா ஆகாதுங்க. சின்னதுலருந்து அப்படி. இந்த ரோட்டுலயே இருந்தா அவங்கம்மா புகளூர்ல சோத்துப் பையக் குடுப்பா, நான் காலேஜ்ல குடுத்துருவேன். நடுவுல தெரியாத கை கெடையாது. அதானுங்க பக்கத்துல."

நாத்தனார் ஏன் திண்டுக்கல்லை நகர்த்தினார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"உங்க ஓனருக்குக் கோயமுத்தூர் வண்டியும் ஒண்ணு இருக்கே" என்றேன்.

"இருக்குது. சின்னக்காளி. கதிரேசன் ஓட்டறான்."

"திருச்சி ரோட்டு மேலதான் அந்தக் காலேஜ். வாசல்லயே ஸ்டாப். கரூர் ஸ்டாண்டுல உங்க வண்டியும் அதுவும் பக்கத்துல பக்கத்துலதான் நிக்குது. அம்மா கை, உங்க கை, கதிரேசன் கை, பொண்ணு கை. இதுல எது தெரியாத கை?"

தங்கராசு விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "சரியாத்தான் வருது" என்றார்.

ராக்கியண்ணன் டீ கிளாஸைக் கழுவிவைத்தார். கழுவ வேண்டியது கடைக்காரர்.

"கண்ணாடியப் பத்தி அவளே சொன்னாளுங்களா?" என்றார்.

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "பாசமாத்தான் சொன்னாங்க" என்று வெளியே வந்தது. இந்தத் தகவலுக்கு என்னிடம் ஆதாரம் இல்லை.

ஜூலை 18

புரோகிராமில் தூரம் என்ற கட்டத்தை எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் ஒரு கேள்வி: 'சோறு யார் கையில் போகும்?' மேடம் திரையை நெடுநேரம் பார்த்துவிட்டு, எனக்கும் சேர்த்து போண்டா வாங்கி வரச் சொன்னார்.

ஜூலை 19

மழை. ஒருவரும் வரவில்லை. மதியமும் வரவில்லை. மேடம் படிக்கட்டைப் பார்த்தார், நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

லாக் ஆகும் நேரம் நெருங்கும்போது கீழே பொன்காளியின் ஹாரன். அந்த ஹாரன் ஆறு சுரத்தில் அடிக்கும், ஆறும் ஒன்றோடொன்று சண்டை போடும். பயணிகளை பஸ்ஸிலேயே உட்காரவைத்துவிட்டு ராக்கியண்ணன் மகளோடு படியேறி வந்தார்.

"கோயமுத்தூரை மேல போடுங்க. சீக்கிரம். வண்டில ஆளுங்க கத்தறாங்க."

போட்டேன். அவர் போனுக்கு ஓ.டி.பி. வந்தது. கண்ணாடி இல்லாமல் அவருக்குப் படிக்க வரவில்லை. போனை மகளிடம் கொடுத்து, "நீயே படி கண்ணு" என்றார். அவள் படித்தாள். நடுவில் ஒரு எண்ணைத் தப்பாகப் படித்தாள். மறுபடி படிக்கச் சொன்னேன். அதட்டவில்லை.

லாக்.

ஜூலை 27

சுபிக்ஷாவுக்குக் கோவையில் இ.சி.இ. ஒதுக்கீடு வந்துவிட்டது. பொன்காளியில் இன்று மொத்த பஸ்ஸுக்கும் தேன்மிட்டாய். புகளூரிலிருந்து ஒரே நாளில் பதினொரு குடும்பம் வந்தது. மேடம் என் நாற்காலியைப் பார்த்து, "இதுல எப்படிடா உக்காந்திருக்க?" என்றார். தற்காலிகம் என்றேன்.

ஆகஸ்ட் 9

ஐதராபாத் மெயில் வந்துவிட்டது. செப்டம்பர் ஒன்றில் சேர வேண்டும். இருபதாம் தேதிக்குள் உறுதி செய்ய வேண்டும்.

அம்மாவிடம் சொன்னேன். "பக்கத்துலதானேடா?" என்றாள்.

"ஃப்ளைட்டுல ஒரு மணி நேரம்."

"சோறு?"

நாளை பதில் அனுப்ப வேண்டும்.

ஆகஸ்ட் 14

துணைக் கவுன்சிலிங்குக்குக் கூட்டம். மெயிலுக்குப் பதில் நாளை.

ஆகஸ்ட் 21

நேற்று அரவக்குறிச்சியிலிருந்து ஒரு பெண் அழுதுகொண்டே வந்தாள். அவள் அழுது முடித்து, லிஸ்ட் போட்டு, சிரித்து, பஸ் ஏறியதில் நாள் போய்விட்டது. இருபதாம் தேதி என்பது மறந்துவிட்டது. நான் எதையும் மறப்பவன் அல்ல. வேலைப்பளு.

நாற்காலிக் காலைத் தச்சரிடம் கொடுத்துச் சரிசெய்தேன். வேறு யாராவது உட்கார்ந்து விழுந்துவிடக் கூடாது.

ஆகஸ்ட் 30

ஹாஸ்டலிலிருந்து சுபிக்ஷாவின் போன்.

"சார், அப்பா இப்ப கோயமுத்தூர் வண்டி ஓட்டறார்."

"கதிரேசன்?"

"அவரை ஈரோட்டுக்கு மாத்தி விட்டுட்டார். ஓனர்கிட்ட, நீங்கதான் இந்த யோசனை சொன்னீங்கன்னு சொல்லியிருக்கார்."

நான் சொன்னது சோற்றுப் பைக்குத்தான், டிரைவருக்கு இல்லை என்று விளக்கினேன்.

"தெனமும் காலேஜ் வாசல்ல ஹாரன் அடிக்கறார் சார். போகும்போது ஒருக்கா, வரும்போது ஒருக்கா. ஹாஸ்டலே ஜன்னலுக்கு வந்து, 'சுபி, உங்கப்பா'ங்குது. தயவுசெஞ்சு நிப்பாட்டச் சொல்லுங்க."

ராக்கியண்ணனுக்கு போன் செய்து, ஹாரன் வேண்டாமாம் என்றேன். "சரிங்க" என்றார். அவ்வளவுதான். வேலை முடிந்தது.

செப்டம்பர் 4

மேடம் போர்டை மாற்றுகிறார். கீழே என் பெயரும் வருமாம். 'தற்காலிகம்' என்று அடைப்புக்குறியில் போடவா என்று பெயின்டர் கேட்டார். மேடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இடம் போதாது, வேண்டாம் என்றேன்.

செப்டம்பர் 9

மறுபடி சுபிக்ஷா.

"சார், ஹாரனை நிப்பாட்டணும்னு அப்படியேவா சொன்னீங்க?"

"நீங்க சொன்னதைத்தான் சொன்னேன்."

"ஒரேயடியா நிப்பாட்டிட்டார் சார். வண்டி போறதே தெரிய மாட்டேங்குது. சோத்துப் பை வாட்ச்மேன்கிட்ட இருக்கறதைப் பாத்துதான் அப்பா போயிட்டார்னு தெரியுது. லேசா அடிக்கலாம்ல?"

ராக்கியண்ணனுக்கு போன் செய்தேன். வண்டி காங்கேயத்தில் நின்றுகொண்டிருந்தது.

"அண்ணே, ஹாரன் அடிக்கலாமாம். ஆனா லேசா."

"லேசான்னா எப்படீங்க? நம்ம ஹாரன்ல லேசெல்லாம் கெடையாதே. எவ்வளவு நேரம் அடிக்கறது? ஒரு அமுக்கா, அரை அமுக்கா? சரியாச் சொல்லுங்க தம்பி, நீங்கதான் நம்பர் கேக்கற ஆளாச்சே."

யோசித்தேன். டெசிபல் கணக்கு எனக்குத் தெரியும். கேட்டிலிருந்து ஹாஸ்டல் ஜன்னல் எவ்வளவு தூரம் என்று மேப்பில் அளந்துவிடலாம்.

"அதென்னண்ணே நம்பரு" என்றேன். "லேசான்னா லேசாத்தான்."

அந்தப் பக்கம் தங்கராசு சிரித்தார். வண்டி மாறும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

"சரிங்க. புரிஞ்சுது" என்றார் ராக்கியண்ணன்.

செப்டம்பர் 10

சுபிக்ஷாவின் மெசேஜ்: "லேசா அடிச்சார் சார். திருச்சி ரோடு பூரா கேட்டுச்சு."